உப்பு, சர்க்கரை, ஆப்பச் சோடா

(உலகச் சிறுநீரக நாளையொட்டி ஒரு பொது நூலக அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசை மேல் மூன்று பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். வரும் வழியில் மளிகைக் கடையில் நிறுத்தி வாங்கியவை. முதல் பொட்டலத்தில் ஒன்றரைக் கிலோ உப்பு. இரண்டாவதில் 180 கிராம் சர்க்கரை. மூன்றாவதில் 360 கிராம் ஆப்பச் சோடா. உப்பையும் சர்க்கரையையும் பேசாமல் நிறுத்துக் கொடுத்த கடைக்காரர், சோடாவை நிறுக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு எதுக்கு சார், வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். கூட்டத்துக்கு வாருங்கள், சொல்கிறேன் என்றேன். வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தர வேண்டிய பதில்தான் இன்றைய என் பேச்சு.

இந்த மூன்று பொட்டலங்களும் உங்கள் ஒவ்வொருவருடைய ஒருநாள் கணக்கு. நேற்று இந்த நேரத்திலிருந்து இன்று இந்த நேரம்வரை உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் இவ்வளவு உப்பையும், இவ்வளவு சர்க்கரையையும், இவ்வளவு சோடாவையும் ரத்தத்திலிருந்து வெளியே இறக்கிவைத்தன. பிறகு ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்துக்குள் ஏற்றிவிட்டன. சர்க்கரையில் ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை. சோடாவும் அநேகமாக முழுதும் வீடு திரும்பியது. உப்பில் மட்டும், நீங்கள் நேற்றுச் சாப்பிட்டது எவ்வளவோ அவ்வளவு, அதாவது எட்டோ பத்தோ கிராம், சிறுநீரோடு போனது.

சிறுநீரகம் என்றவுடன் நமக்குக் கழிவுதான் நினைவுக்கு வருகிறது. பெயரிலேயே சிறுநீர் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் அதன் தலைப்பே கழிவு நீக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த உறுப்போடு பழகிய ஒருவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறுநீரகத்தின் பெரிய வேலை மீட்பது. கழிப்பது அந்த வேலையின் முடிவில் எஞ்சுவது. இதைப் புரிந்துகொண்டால், வயிற்றுப்போக்கில் ஒரு குழந்தை ஏன் சாகிறது, எதனால் பிழைக்கிறது, கோடையில் வயதானவர்களுக்கு ஏன் நினைவு தடுமாறுகிறது, இளநீர் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் ஒரே கயிற்றில் கோத்தாற்போல் விளங்கும்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்து நிறுத்தால் 300 கிராம் வரும். உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவற்றுக்குத்தான் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் நூற்கண்டு போலச் சுருண்டிருக்கின்றன. 1666இல் இத்தாலியின் மால்பிகி அந்த முடிச்சுகளைக் கண்டு எழுதினார். 1842இல் லண்டனில் வில்லியம் பௌமான், அந்த முடிச்சைச் சூழ்ந்த கிண்ணமும் அதன் கீழே இறங்கும் நீண்ட குழலும் ஒரே உறுப்பின் பகுதிகள் என்று காட்டினார். பௌமானின் கிண்ணம் என்று பிள்ளைகள் இன்றும் படிப்பது அதைத்தான்.

அந்த முடிச்சில் ரத்தத்தின் நீர்ப்பகுதி வடிகிறது. அணுக்களும் புரதமும் உள்ளேயே தங்கிவிடும். மற்ற எல்லாம் வடியும். நிமிடத்துக்கு 125 மில்லி, நாளுக்கு 180 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் பன்னிரண்டு குடம். உடம்பில் மொத்தம் இருக்கும் ரத்தநீரோ மூன்று லிட்டர்தான். அப்படியானால் அதே மூன்று லிட்டர் நாளுக்கு அறுபது முறை வடிக்கப்படுகிறது. அறுபது முறையும் குழல் அதை உறிஞ்சித் திருப்பித் தருகிறது. கடைசியில் நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர்.

எதற்காக இவ்வளவு சுற்றுவேலை? வேண்டாததை மட்டும் பொறுக்கி வெளியே போட்டால் போதாதா? மாணவனாக இருந்தபோது எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. விடை நம் ஊர் போகிப் பண்டிகையில் இருக்கிறது. பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடிக்கும்போது அம்மா என்ன செய்வார்? வேண்டாத சாமான் எது என்று மூலைமூலையாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பானை, பெட்டி, பாய் என்று எல்லாவற்றையும் திண்ணைக்கு இறக்கிவிடுவார். பிறகு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைப்பார். திண்ணையில் மிஞ்சியது குப்பை. சிறுநீரகம் செய்வதும் அதுதான். உலகத்தில் எத்தனை வகை நஞ்சு உண்டு என்று அதற்குத் தெரியாது. நாளைக்குப் புதிதாக வரப்போகும் ஒரு மருந்தின் பெயரும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எது வேண்டும் என்ற பட்டியல் மட்டும் அதனிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றில் பெரும்பகுதி தானாக வெளியே போய்விடும். போகி ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் உடம்புக்குள் நாளுக்கு அறுபது முறை.

அந்தப் பட்டியலின் முதல் பெயர் தண்ணீர். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் நாற்பது லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள். ஒரு பங்கு வெளியே. வெளியே இருக்கும் நீர் சோடியம் நிறைந்த உப்புநீர். உள்ளே இருப்பது பொட்டாசியம் நிறைந்த நீர். உயிர் கடலில் தோன்றியது; நிலத்துக்கு ஏறியபோது ஒரு சிறு கடலைத் தோலுக்குள் கட்டி எடுத்து வந்தது; அந்தக் கடலைக் கெடாமல் காக்கும் காவல் சிறுநீரகத்துடையது. அமெரிக்க உடலியலாளர் ஹோமர் ஸ்மித் 1953இல் வெளியிட்ட 'மீனிலிருந்து மெய்யியலாளர் வரை' என்ற நூல் சிறுநீரகத்தின் வரலாற்றை இந்த வழியில்தான் சொல்கிறது.

ஆனால் அந்த உள்கடல் வெளிக்கடலைவிட மிகவும் நீர்த்தது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: நடுக்கடலில் படகு நின்றுபோய்க் குடிநீர் தீர்ந்தால், எவ்வளவு தாகமானாலும் கடல்நீரைக் குடிக்கக் கூடாது. ஏன்? ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் தன் சிறுநீரை அந்த அளவுக்கு உப்பாக்க முடியாது. அந்த 35 கிராமை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிய வேண்டும். குடித்தது ஒரு லிட்டர், கழிந்தது அதற்கு மேல். குடிக்கக் குடிக்கக் காய்ந்து போவோம்.

மனிதச் சிறுநீரகம் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்போது ரத்தத்தைப்போல நான்கு மடங்கு செறிவான சிறுநீரைத் தரும். தண்ணீர் மிகுந்தால் ரத்தத்தில் ஆறில் ஒரு பங்கு செறிவுக்கு நீர்க்க வைக்கும். ஹென்லே வளைவு என்ற கொண்டை ஊசி வளைவும், மூளையிலிருந்து வரும் வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை இது. காலையில் மஞ்சளாகவும், நிறையத் தண்ணீர் குடித்த மதியத்தில் வெள்ளையாகவும் போகிறதே, அந்த ஹார்மோன் ஏறி இறங்குவதைத்தான் நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 140 என்றால் சரி. 120 என்று வந்தால், "உப்பு குறைஞ்சிருச்சு, உப்புப் போட்டுக் குடுங்க" என்கிறார்கள். அந்த எண் உப்பின் எடையைச் சொல்வதில்லை. உப்புக்கு எதிரே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிறது. குழம்பில் உப்புக் கரிக்கவில்லை என்றால் உப்பைக் குறைவாகப் போட்டிருக்கலாம். தண்ணீரை அதிகமாக ஊற்றியும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நான் இளம் மருத்துவனாக இருந்த ஒரு கோடையில் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மாவைக் கொண்டுவந்தார்கள். மகன் கண் கலங்கி நின்றார். "டாக்டர், அம்மா என்னையே யாருன்னு கேக்குறாங்க." பக்கவாதமோ என்று குடும்பமே பயந்திருந்தது. விசாரித்தேன். ரத்தக்கொதிப்புக்காக நீர் மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் காலம் என்று யாரோ சொன்னதால் நாளுக்கு நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார்கள். பசியில்லை என்று சோறும் குழம்பும் நின்றுபோய்விட்டது. சோடியம் 110. மாத்திரை உப்பைக் கழித்துக்கொண்டிருந்தது. உணவில் உப்பு வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நீர்த்துப்போன ரத்தத்திலிருந்து தண்ணீர் மூளைச் செல்களுக்குள் ஏறி அவற்றை ஊத வைத்திருந்தது. மாத்திரையை நிறுத்தி, தண்ணீரை அளந்து கொடுத்து, சோடியத்தை மெதுவாக, நாளுக்கு எட்டுப் புள்ளிக்கு மேல் ஏறாமல் கொண்டு வந்தோம். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்து கைகால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. நான்காம் நாள் காலையில் மகனைப் பார்த்து, "நீ எப்பய்யா வந்த, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணீரும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு என்று எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவர்.

பொட்டாசியம் சோடியத்துக்கு எதிர்ப்பக்கம். உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றில் 98 பங்கு செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அது 7ஐத் தாண்டினால் இதயம் நின்றுவிடக் கூடும். நாம் தின்னும் பழம், கீரை, பருப்பு எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. மிகுந்ததைச் சிறுநீரகம் அன்றன்றே வெளியேற்றிவிடும். அந்தத் திறன் குறைந்தவருக்கு இளநீர் ஆபத்து. லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிமோல் பொட்டாசியம் அதில் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவரைப் பார்க்கப் போகும் உறவினர் அன்போடு இரண்டு இளநீர் சீவிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அன்பை வேறு வழியில் காட்டுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மூன்றாவது பொட்டலத்துக்கு வருகிறேன். ஆப்பச் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். கடைக்காரருக்கு ஐயம் வந்தது இங்கேதான்.

உடம்பு ஒவ்வொரு நொடியும் அமிலம் உண்டாக்குகிறது. சர்க்கரையும் கொழுப்பும் எரிந்தால் கரியமில வாயு. அது தண்ணீரில் கரைந்தால் அமிலம். நாளுக்கு 15,000 மில்லிமோல் அளவுக்கு உண்டாகும் இதை நுரையீரல் மூச்சாக வெளியேற்றிவிடுகிறது. ஆனால் புரதம் சிதைவதால் வரும் கந்தக அமிலம் போன்றவை காற்றாகப் போகாது. அவை நாளுக்கு 50 முதல் 70 மில்லிமோல். அவற்றுக்குச் சிறுநீரகத்தை விட்டால் வேறு வாசல் இல்லை. ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். 6.8க்குக் கீழே உயிர் தரிப்பது மிக அரிது. அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனியின் அளவு, ரத்தத்திலுள்ள சோடியத்தில் 35 லட்சத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய ஒன்றை அவ்வளவு நெருக்கமான எல்லைக்குள் நிறுத்த, இந்தச் சோடா ரத்தத்தில் தயாராகக் காத்திருக்கிறது. அமிலம் வந்தவுடன் அதைத் தணித்துத் தானும் தீர்ந்துபோகிறது. வடிந்த 360 கிராமையும் மீட்டதோடு சிறுநீரகத்தின் வேலை முடியாது. அன்றைக்குத் தீர்ந்துபோன அளவு சோடாவைப் புதிதாகவும் செய்து ரத்தத்தில் சேர்க்க வேண்டும்.

சோடா குறைந்து அமிலம் மிகுந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சு. 1874இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், சர்க்கரை நோய் முற்றி மயங்கிக் கிடந்தவர்கள் ஆழமாக, இழுத்து இழுத்து மூச்சு விடுவதைக் கவனித்து எழுதினார். நுரையீரலில் நோய் இல்லை. அமிலத்தைக் கரியமில வாயுவாக்கித் தள்ளிவிட நுரையீரல் சிறுநீரகத்துக்குக் கைகொடுக்கும் காட்சி அது. வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் வாந்தியோடு இப்படி மூச்சு விட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உப்பு, சர்க்கரை, சோடா. இந்த மூன்றும் ஒரே பொட்டலத்தில் சேர்ந்த கதையை இனிச் சொல்கிறேன்.

1831இல் காலரா இங்கிலாந்துக்குள் நுழைந்தது. வடகிழக்குத் துறைமுகமான சண்டர்லாந்து பக்கம் கொள்ளை கொள்ளையாகச் சாவு. எடின்பரோவில் மருத்துவம் படித்த வில்லியம் ஓ'ஷாக்னஸி என்ற ஐரிஷ் இளைஞர் அங்கே போனார். வயது 22. அன்றைய மருத்துவர்கள் காலரா நோயாளியின் கையைக் கீறி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் அந்த ரத்தத்தைச் சோதித்தார். நீர் குறைந்திருக்கிறது, உப்பு குறைந்திருக்கிறது, காரமும் குறைந்திருக்கிறது; போனது எல்லாம் பேதியில் இருக்கிறது என்று கண்டார். போனதைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார்.

அடுத்த ஆண்டு மே மாதம், எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா அதைச் செய்து பார்த்தார். நாடி கிடைக்காமல் சில்லிட்டுக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் உப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரை ஏற்றினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தொடர்ந்து ஏற்றினார். அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல். குழி விழுந்த கண்கள் தெளிந்தன, நாடி திரும்பியது, நலமாக இருக்கிறேன் என்று அவரே வாய் திறந்து சொன்னார். லாட்டா நிம்மதியோடு அங்கிருந்து கிளம்பினார். பேதி மீண்டும் தொடங்கியது. மறுபடி ஏற்ற யாரும் முன்வரவில்லை. சில மணி நேரத்தில் அந்த மூதாட்டி இறந்துபோனார்.

எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்தச் சாவு எனக்கு அதிகம் சொல்கிறது. ஓட்டைப் பானையில் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதாது. போவது நிற்கும்வரை, போகும் அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லாட்டாவின் முறை விரைவிலேயே மறக்கப்பட்டது. அவரும் 1833இல் காலமானார். அதே ஆண்டு ஓ'ஷாக்னஸி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவர் இவரேதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்ட் ரோஜர்ஸ் அதே கல்கத்தாவில் செறிவான உப்புநீரை ஏற்றிக் காலராச் சாவைப் பாதியாகக் குறைத்தார். ஆனாலும் சிலர், பேதி நின்ற பிறகும், சிறுநீர் வராமல் மூச்சு வாங்கி இறந்தார்கள். ரத்த ஓட்டம் விழுந்துபோனதால் சிறுநீரகம் வடிப்பதை நிறுத்தியிருந்தது; பேதியில் காரம் போனதால் ரத்தம் புளித்திருந்தது. மணிலாவில் பணியாற்றிய ஆண்ட்ரூ செல்லார்ட்ஸ் 1910இல் உப்புநீரோடு சோடாவையும் ஏற்றிக் காட்டினார். அந்தச் சாவுகளும் குறைந்தன.

ஊசியும் பாட்டிலும் இருந்தால்தானே ஏற்ற முடியும்? ஊசி இல்லாத இடத்தில் வாய்வழியாகக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் உப்புநீரைக் குடல் ஏற்கவில்லை, பேதியாகவே போனது. 1960இல் ப்ராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அமெரிக்காவின் ராபர்ட் கிரேன் குடலின் சுவரில் ஒரு வாசலைப் பற்றிச் சொன்னார். அந்த வாசல் சர்க்கரையையும் சோடியத்தையும் கைகோத்து வந்தால்தான் உள்ளே விடும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். காலரா நஞ்சு எவ்வளவு கொட்டச் செய்தாலும் இந்த வாசலை அதால் அடைக்க முடிவதில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் உண்மையான காலரா நோயாளிகளிடம் இதை நிறுவினார்கள்.

1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா. மேற்கு வங்கத்தின் பன்காவ் மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள். டாக்டர் திலீப் மகாலனாபிஸ் அங்கே போனபோது ஏற்றுவதற்கான பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் கரைசல் தயாரித்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் ஆப்பச் சோடா. என் மேசையில் இருக்கும் அதே மூன்று. பொட்டலமாகக் கட்டி, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் அம்மா, அண்ணன், தங்கை கையில் டம்ளரைக் கொடுத்து, பேதி நிற்கும்வரை குடிக்க வைக்கச் சொன்னார். அகதி முகாம்களில் முப்பது விழுக்காடு அளவில் இருந்த சாவு, அவருடைய பொறுப்பில் இருந்த இடத்தில் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1832இல் அந்த மூதாட்டிக்குக் கிடைக்காமல் போன தொடர்ந்த கவனிப்பை 1971இல் அம்மாக்களும் அண்ணன்களும் தந்தார்கள். மகாலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அவருடைய நினைவுக்கு வழங்கப்பட்டது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசுதான். சோடாவின் இடத்தில் சிட்ரேட் வந்திருக்கிறது. உடம்புக்குள் போனால் அதுவும் சோடாவாக மாறும். பொட்டாசியமும் சேர்ந்திருக்கிறது. பொட்டலம் கைக்கு எட்டாத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். உப்பைக் கூட்டாதீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான்: அரிசியின் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாகி அதே வாசலைத் திறக்கிறது. வயிற்றுப்போக்கு என்றால் கஞ்சி கொடு என்ற நம் பாட்டிமார்களின் வழக்கம் சரியானது. அதில் உப்பு இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இந்த வாசலின் உடன்பிறப்பு சிறுநீரகத்திலும் இருக்கிறது. வடிந்த 180 கிராம் சர்க்கரையை மீட்பது அதுதான். அங்கேயும் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே வர வேண்டும். சர்க்கரை நோயில் அந்த வாசல் ஓயாமல் வேலை செய்கிறது. சோடியமும் சேர்ந்து மீட்கப்பட்டுவிடுவதால், கீழே வரும் உப்பு குறைந்துவிட்டது என்று குழல் தவறாகக் கணக்கிட்டு, வடிமுடிச்சின் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தில் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறிப் போகின்றன. கிளிஃப்ளோசின் என்று பெயர் முடியும் மாத்திரைகள் இந்த வாசலைப் பாதி சாத்தி அழுத்தத்தைக் குறைக்கின்றன. 2019 முதல் வெளிவந்த பெரிய ஆய்வுகள், இவை சிறுநீரகம் பழுதாவதைத் தாமதப்படுத்துகின்றன என்று காட்டியுள்ளன. வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் இவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எப்போது நிறுத்துவது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் வாய் திறந்து சொல்லாத உறுப்பு. பாதி நெஃப்ரான்கள் போன பிறகும் மிச்சமுள்ளவை கூடுதலாக உழைத்துக் கணக்கைச் சரியாக வைத்துவிடும். "டாக்டர், எனக்கு உப்பு மூணு பாயிண்ட் இருக்கு" என்று வருகிறவர்கள் சொல்வது கிரியாட்டினினை. அது உப்பே இல்லை, தசையிலிருந்து வரும் கழிவு. அது எல்லையைத் தாண்டும்போது சிறுநீரகத் திறனில் பாதி பெரும்பாலும் போயிருக்கும். அதற்கு வெகு முன்னாலேயே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கக் கூடாது. நாளுக்கு ஐந்து கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் எல்லாம் அந்த ஐந்தில் அடக்கம்.

முடிக்குமுன் முதல் பொட்டலத்தை இன்னொருமுறை கையில் எடுக்கிறேன். இது தூத்துக்குடி உப்பு என்று உறையில் அச்சிட்டிருக்கிறது. அங்கே உப்பளத்தில், நிழல் தர ஒரு மரமில்லாத வெள்ளைவெளியில், கீழிருந்தும் மேலிருந்தும் வெயில் அடிக்க, நம் சகோதரர்களும் சகோதரிகளும் இந்த உப்பை வாரினார்கள். நமக்கு உப்பு சேரச் சேர அவர்கள் உடம்பிலிருந்து வியர்வையில் உப்பும் தண்ணீரும் போயின. கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழகத்து உப்பளங்களில் நடந்த ஆய்வுகளில் தாங்கும் அளவை மீறிய வெப்பமும், தொழிலாளர் சிலரிடம் குறைந்துபோன சிறுநீரகத் திறனும் பதிவாகியிருக்கின்றன. நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து ஆயிரக்கணக்கில் இறந்திருக்கிறார்கள். வெயிலில் வெட்டும் வேலையும் திரும்பத் திரும்ப நேரும் நீரிழப்பும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே கையாளப்படும் மருந்து மூன்று: தண்ணீர், ஓய்வு, நிழல். நம் அளங்களில் நான்காவதாகக் கழிப்பறையும் சேர வேண்டும்.

வடித்த ஒன்றரைக் கிலோ உப்பில் ஒரு கரண்டியைக்கூட வீணாக்காத உறுப்பை ஒவ்வொருவரும் சுமந்துகொண்டிருக்கிறோம். அது கேட்பது, போனதைத் திருப்பிக் கொடு, போகும் அளவுக்குக் கொடு என்பது மட்டுமே. லீத்தில் அந்த மூதாட்டியின் உடம்பு கேட்டதும் அதுதான். உப்பளத்தில் கூடையைத் தலையில் தூக்கும் அம்மாவின் உடம்பு இன்று மதியமும் அதையே கேட்டிருக்கும். நாளைக் காலையில் குழம்புக்கு உப்புப் போடும்போது அவரை ஒருமுறை நினையுங்கள். அவருக்குத் தண்ணீரும் நிழலும் கழிப்பறையும் வேண்டும் என்று, கேட்க வேண்டிய இடத்தில் உங்கள் குரலும் கேட்கட்டும்.